பச்சை ஒயர்

எங்கள் வீட்டில் வெளியிலிருந்து சத்தம் நுழையாத ஒரே இடம் நெல் மூட்டைகள் அடுக்கியிருக்கும் பின்னறை. மூன்று சுவர்களையும் மறைத்து ஆள் உயரத்துக்கு மூட்டைகள் நிற்கும். உள்ளே நின்று பேசினால் குரல் எங்கும் மோதித் திரும்பாது. சொன்ன சொல் சொன்ன இடத்திலேயே அடங்கிவிடும். இதைக் கண்டுபிடித்தவள் என் மகள். காஞ்சிபுரத்தில் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். உத்திரமேரூரிலிருந்து பஸ்ஸில் போய் வருகிறாள். குழந்தைகளுக்கான கதைகளைக் குரலில் பதிவு செய்து வெளியிடும் ஒரு சென்னை நிறுவனத்துக்கு அவள் தன் குரலை அனுப்பியிருந்தாள். செல்போனில் பதிந்தது. "குரல் பிடித்திருக்கிறது, பின்னால் இரைச்சல் இருக்கிறது, சுத்தமாக அனுப்ப முடியுமா?" என்று பதில் வந்தது.

அந்தப் பதிலை அவள் என்னிடம் காட்டியபோது எனக்கு வருத்தத்தைவிட உற்சாகமே அதிகம் வந்தது. இரைச்சல் என்றால் அது என் வேலை.

நான் எலக்ட்ரானிக்ஸில் டிப்ளமோ படித்தவள். கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் சேர்த்து ஆறு வருடம் ஒரு தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டுகளைச் சோதித்தேன். லென்ஸுக்குக் கீழே வரும் ஒவ்வொரு போர்டிலும் சால்டர் ஈயம் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. மகள் வயிற்றில் இருந்தபோது வேலையிலிருந்து நின்றுவிட்டேன். அதன் பிறகு பக்கத்து வீட்டு மிக்ஸி, எதிர் வீட்டு மோட்டார் ஸ்டார்ட்டர் என்று ஏதாவது பழுதுக்கு வந்துகொண்டிருக்கும். "டிப்ளமோக்காரம்மா கிட்ட குடு" என்பார்கள். அந்தப் பேர் எனக்குப் பிடித்திருந்தது. வேண்டிய அளவுக்கு மேலேயே பிடித்திருந்தது.

மேடைகளில் பயன்படுத்திய இரும்பு மைக் ஒன்றை மகள் யாரிடமோ வாங்கி வந்தாள். மைக்கிலிருந்து வருவது மிக மெல்லிய மின்னோட்டம். அதை அப்படியே லேப்டாப்புக்குக் கொடுத்தால் எடுபடாது. நடுவில் அதைப் பெரிதாக்கித் தரும் ஒரு சின்னப் பெட்டி வேண்டும். ப்ரீஆம்ப் என்பார்கள். அதைக் கடையில் வாங்கலாம் என்றாள். நான் செய்கிறேன் என்றேன்.

பஜாரில் பாய் ஒருவர் கடை வைத்திருக்கிறார். ஆம்ப்ளிஃபயர் பழுது பார்ப்பார், உதிரி சாமான்களும் விற்பார். என் வயதுதான் இருக்கும். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார்.

"வாங்கக்கா. இந்த தபா இன்னா செய்யப் போறீங்க, ராக்கெட்டா?"

"மைக் ப்ரீஆம்ப். பொண்ணுக்கு."

"அப்ப டிரான்ஸ்பார்மர் நல்லதா கீறத எடுத்துக்குங்க. இந்தா, இது பழைய ஆம்ப்ளிபயர்லருந்து கயட்னது. நேத்துதான் மீட்டர் வச்சிப் பாத்தேன். பழசுன்னாலும் கெட்டி."

பொட்டலம் கட்டும்போது இரண்டு கறுப்பு ரப்பர் வளையங்களை நான் கேட்காமலேயே உள்ளே போட்டார். "தகரத்துல ஓட்ட போட்டு ஒயர விடுவீங்க இல்ல, அங்க இத மாட்டிக்குங்க. இல்லாங்காட்டி தகரம் ஒயர கடிச்சித் தின்னுடும். அப்பறம் பேஜாரு."

"எனக்குத் தெரியாதா பாய்?" என்று சிரித்தேன்.

"டிப்ளமோ ஆச்சே, தெரியாம இருக்குமா?" என்று அவரும் சிரித்தார்.

ப்ரீஆம்ப் பகுதி ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிந்தது. என்னைப் படுத்தியது அதற்கு மின்சாரம் தரும் பவர் சப்ளை. பதினைந்து வோல்ட் பிளஸ் ஒன்று, பதினைந்து வோல்ட் மைனஸ் ஒன்று வேண்டும். பிளஸ் வந்தது, மைனஸ் வரவில்லை. மைனஸ் வோல்ட்டைச் சீராக நிறுத்தும் ரெகுலேட்டர் தொட முடியாதபடி சுட்டது. இரண்டு ரெகுலேட்டர்களும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் கால்களின் வரிசை வேறு. போதாததற்கு, பிளஸ்ஸின் முதுகுத் தகட்டைப் பெட்டியோடு சேர்த்து முடுக்கலாம், மைனஸின் முதுகை முடுக்கக் கூடாது. நடுவில் மின்சாரம் கடத்தாத மைக்கா தகடு வைக்க வேண்டும். படித்ததுதான், இருபது வருடத்தில் மறந்திருந்தேன். அதைச் சரி செய்ததும் மைனஸ் வந்தது. பிறகு ஒரு கெபாசிட்டர் உள்ளே காய்ந்து போயிருந்ததால் "கொர்" என்று கரகரத்தது. புதியது போட்டேன். கரகரப்பு போனது.

ஆனாலும் அடியில் ஒரு முனகல் மிச்சமிருந்தது. தூரத்தில் பம்ப்செட் ஓடுவது போல. ஹம் என்று சொல்வோமே, அது. நான்கு நாட்கள் அதன் பின்னாலேயே அலைந்தேன். டிரான்ஸ்ஃபார்மரைத் திருப்பி வைத்துப் பார்த்தேன். ஒயர்களை முறுக்கி ஓட்டிப் பார்த்தேன். போகவில்லை. காலையில் தோசை ஊற்றும்போதுகூட என் காதில் அது ஓடிக்கொண்டிருந்தது. மகளும் தினம் கல்லூரியிலிருந்து வந்ததும் கேட்பாள்.

"போச்சாம்மா?"

"இன்னும் இல்ல."

"போன்ல பேசனதே பரவால்லபோல கீது," என்றாள் ஒருநாள், விளையாட்டாகத்தான். எனக்குச் சுருக்கென்றது.

ஐந்தாம் நாள் பிளக்கைத் திறந்தேன். மூன்று ஒயர்கள். சிவப்பு, கறுப்பு, பச்சை. பச்சை எர்த், கசியும் மின்சாரத்தை ஆளைத் தொடாமல் மண்ணுக்குள் இறக்கிவிடுவது. லேப்டாப் சார்ஜரிலும் எர்த் இருக்கிறது, பெட்டியிலும் எர்த் இருக்கிறது, இரண்டும் ஒரு கேபிளால் இணைந்திருக்கின்றன. அந்த வளையத்துக்குள்தான் முனகல் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று எனக்கு உறைத்தது. சரியாகத்தான் கண்டுபிடித்தேன். அதற்கு முறையான வைத்தியங்கள் இருக்கின்றன. இன்னும் இரண்டு நாள் பிடிக்கும். நான் கட்டரை எடுத்து, பெட்டிக்குள் பச்சை ஒயரை வெட்டினேன்.

முனகல் நின்றது. ஹெட்போனை மகளின் காதில் வைத்தேன். அவள் கண்ணை மூடிக் கேட்டாள். "அய்யோ, ஒண்ணுமே இல்லம்மா," என்றாள். "சூப்பர்மா நீ!" வெட்டிய முனைக்குப் பச்சை நிறத்திலேயே பிளாஸ்டிக் ஸ்லீவ் போட்டு, சூடு காட்டி இறுக்கி, ஓரமாக மடித்து வைத்தேன். தற்காலிகம்தான், அப்புறம் சரி செய்யலாம் என்று நினைத்தேன். ரப்பர் வளையங்களையும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நான் போட்ட ஓட்டைக்கு அவை பெரியவை. ஓட்டையைப் பெரிதாக்க என்னிடம் டிரில் பிட் இல்லை. வளையங்கள் ஸ்க்ரூ டப்பாவிலேயே கிடந்தன. மின்சார ஒயர் தகரத்தின் விளிம்பில் உரசியபடி பெட்டிக்குள் போனது.

அவள் நெல் அறையில் பதிவு செய்து அனுப்பினாள். பதிலுக்குக் காத்திருக்கும்போதே அடுத்த கதைக்கும் ஒத்திகை பார்க்க ஆரம்பித்தாள்.

ஒரு நாள் வந்து சொன்னாள். "அம்மா, மைக்கு கடிக்குது."

"கடிக்குதா?"

"புடிச்சா சுர்ருங்குது. எறும்பு கடிக்கற மாதிரி."

நெல் இருக்கும் அறைக்குள் எங்கள் வீட்டில் யாரும் செருப்போடு போக மாட்டோம். பாத்ரூமுக்கென்று வைத்திருக்கும் ரப்பர் செருப்பை ஒருமுறை அவள் போட்டுக்கொண்டு உள்ளே போனபோது, "நெல்லு கீற எடத்துல செருப்பா?" என்று நானே கடிந்திருக்கிறேன். தூசி பறந்தால் அவளுக்குத் தொண்டை கட்டும் என்று, அவள் பதிவு செய்யப் போகும் முன் அந்தச் சிமெண்ட் தரையை ஈரத்துணியால் துடைத்து வைப்பவளும் நான்தான். ஈரத்தரையில் வெறுங்காலோடு அவள் நின்றாள். என் மேசைக்குக் கீழே நான் ரப்பர் பாய் போட்டிருக்கிறேன். டிப்ளமோவில் லேபுக்குள் நுழைந்த முதல் நாளே சொல்லிக்கொடுத்தது அது.

பெட்டியை என் மேசைக்கு எடுத்து வந்தேன். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பெட்டியின் உடம்பிலும் மறு முனையை மைக்கின் உடம்பிலும் வைத்தேன். பூஜ்யம்.

"பாரு, சைபர்."

"அங்க வந்து பாரும்மா. அந்த ரூம்ல."

"எந்த ரூம்ல பாத்தா இன்னா? சைபர்னா சைபர்தான். மைக்கு முன்னாடி நின்னா உனக்கு பயம். உடம்பு சிலுக்குது. டிப்ளமோ நான் படிச்சனா நீ படிச்சியா?"

பெட்டியின் உடம்பும் மைக்கின் உடம்பும் கேபிள் வழியாக ஒன்றோடொன்று இணைந்தவை. பெட்டி முழுவதும் மின்சாரம் ஏறியிருந்தாலும் அவற்றின் நடுவே மீட்டர் பூஜ்யம்தான் காட்டும். ஒரே ஆளை இரண்டு பேரில் கூப்பிட்டுச் சாட்சி கேட்ட மாதிரி. தரைக்கும் மைக்குக்கும் நடுவே அளந்திருக்க வேண்டும். முதல் வருட மாணவிக்குத் தெரியும் இது. எனக்கும் தெரியும். அன்றைக்கு எனக்கு அவள் வாயை மூட ஒரு எண் வேண்டியிருந்தது, மீட்டர் கொடுத்தது.

இரண்டாம் முறை சொன்னாள். அதற்கும் அதையே சொன்னேன். மூன்றாம் முறை அவளாக வந்து சொல்லவில்லை. நான் அறைக்குள் எட்டிப் பார்த்தபோது மைக்கைச் சுற்றிக் கர்ச்சீப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இது எதுக்கு?"

"கடிக்குதும்மா."

"துணி உரசற சத்தம் ரெக்கார்ட்ல வரும். எடு அத."

எடுத்தாள். மடித்துப் பாவாடை இடுப்பில் செருகிக்கொண்டாள். நான் நின்று பார்த்துவிட்டுத்தான் போனேன்.

பெட்டியை மேசைக்கும் நெல் அறைக்குமாகத் தூக்கித் தூக்கி வைத்ததில், ஒவ்வொரு முறையும் ஒயர் இழுபட்டு, அதன் தோல் தகர விளிம்பில் தேய்ந்துகொண்டே வந்திருக்கிறது. ஒரு செவ்வாய்க்கிழமை, அவளுக்குக் கல்லூரி விடுமுறை, காலை பத்து மணி இருக்கும். நான் அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பின்னறையிலிருந்து அவள் கதை சொல்லும் குரல் லேசாகக் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு நரியும் அதன் குட்டியும் ஆறு தாண்டுகிற கதை. பாதி வாக்கியத்தில் குரல் நின்றது. மூட்டை சரிவது போல ஒரு சத்தம்.

ஓடினேன். இரண்டு அடுக்குகளுக்கு நடுவே ஒருக்களித்துக் கிடந்தாள். வலது கை மைக்கை இறுக்கிப் பிடித்தபடி இருந்தது. விழுந்த வேகத்தில் கேபிள் இழுத்துப் பெட்டி உருண்டு, சுவரிலிருந்து பிளக் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது. அந்த பிளக்தான் என் மகளைக் காப்பாற்றியது. நான் இல்லை. அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். கண்ணைத் திறந்தாள். உதடு வெள்ளையாக இருந்தது.

என் அலறல் கேட்டு அவள் அப்பா கொல்லைப்பக்கத்திலிருந்து சேற்றுக்காலோடு ஓடி வந்தார்.

"இன்னா ஆச்சி கொயந்திக்கு? ஏன் இப்டி கீறா?"

நான் சொன்னேன்: "காலையில நாஷ்டா துன்னல. மயக்கம்."

அது எப்படி என் வாயில் வந்தது என்று இன்னமும் தெரியவில்லை. யோசித்துச் சொன்ன பொய்யில்லை. ஆனால் சொன்ன பிறகு யோசிக்க நேரம் இருந்தது, மாற்றவில்லை. மகள் என்னைப் பார்த்தாள். பார்த்தபடியே வலது கையை மூடிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் அந்தக் கையைப் பிரித்துப் பார்த்தார். உள்ளங்கையில் வெள்ளையாக, நடுவில் கருகி, ஒரு கோடு. "இது என்ன?" என்று கேட்டார்.

"அயன்பாக்ஸ் பட்டுச்சி மேடம்," என்றாள் என் மகள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எனக்காக அவள் தன் உயிரைப் பணயம் வைத்துப் பொய் சொல்கிறாள். "கரண்ட் அடிச்சிது டாக்டர். மைக்ல கரண்ட் வந்திடுச்சி," என்றேன். டாக்டர் உடனே இ.சி.ஜி. எடுக்கச் சொன்னார். இதயத்தில் கோளாறு இல்லை, ஒரு நாள் வைத்திருந்து பார்க்கலாம் என்றார்கள்.

ஆனால் அப்போதும் நான் முழுதாகச் சொல்லவில்லை. மைக்கில் கரண்ட் எப்படி வந்தது என்று கணவர் கேட்டபோது, "டிரான்ஸ்பார்மர் பழசு," என்றேன்.

"அந்த பாய் குடுத்ததா?"

தலையை ஆட்டினேன்.

மகளை வீட்டுக்கு அழைத்து வந்த மறுநாள், அவர் பெட்டியைச் சாக்கில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தார். நானும் பின்னால் ஏறினேன். மடியில் அந்தச் சாக்கு. பஜார் வரும் வரை சொல்லிவிடலாம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அவர் வண்டியை நிறுத்தி, சாக்கை என் மடியிலிருந்து பிடுங்கிக்கொண்டார். அதற்குப் பிறகும் சொல்லவில்லை.

"இன்னா பாய், கெட்டுப்போன சாமான தள்ளி வுட்டுட்டியா? எம் பொண்ணு செத்துப் பொயச்சிக்கினு வந்துகீறா!"

கடைக்குள் இருந்த இரண்டு பேர் எழுந்து ஒதுங்கினார்கள். பாய்க்கு முகம் சுண்டிவிட்டது.

"அண்ணே, மொதல்ல பாப்பா எப்டி கீது?"

"கீது. அத வுடு. இதுக்கு பதில் சொல்லு."

பாய் பெட்டியை வாங்கி நான்கு ஸ்க்ரூக்களையும் கழற்றினார். முதலில் டிரான்ஸ்ஃபார்மரை அளந்தார். அவர் அளந்த விதத்தைப் பார்த்தேன். ஒயரைப் பிரித்துவிட்டு, தனியாக, அதன் இரும்பு உடம்போடு வைத்து, முறையாக அளந்தார். அதில் ஒரு குறையும் இல்லை. பிறகு ஒயர் உள்ளே வரும் ஓட்டையை விரலால் தடவினார். தோல் கிழிந்து செம்பு பளபளத்தது. பிறகு ஓரத்தில் மடித்து வைத்திருந்த பச்சை ஒயரை வெளியே இழுத்தார்.

"எவ்ளோ அயகா ஸ்லீவ் போட்டு மூடிக்கிறீங்க," என்றார், என்னைப் பார்க்காமல்.

"இன்னாதுய்யா அது?" என்றார் கணவர்.

பாய் ஸ்க்ரூ டிரைவரைத் துணியில் துடைத்தார். துடைத்து முடித்து மறுபடி துடைத்தார். எனக்காகக் காத்திருக்கிறார் என்று புரிந்தது. நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியவில்லை. பழியை ஏற்றுக்கொண்டிருப்பாரோ என்றுகூடத் தோன்றுகிறது. அந்த நினைப்பே இப்போதும் கூச வைக்கிறது.

"நான்தான் வெட்டனேன்," என்றேன். "எர்த் ஒயர. எரைச்சல் வந்துச்சின்னு. அவர் குடுத்த ரப்பரயும் நான் மாட்டல. அவர் மேல ஒரு தப்பும் இல்ல."

கணவர் என்னைப் பார்த்தார், பாயைப் பார்த்தார். "மன்னிச்சிக்க பாய்," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வெளியே போனார். நானும் சொல்ல வாயெடுத்தேன். "போங்கக்கா, பாப்பாவ பாருங்க," என்றார் பாய். அதில் கோபம் இருந்தது. இருக்க வேண்டியதுதான்.

திரும்பும்போது ஏரிக்கரை வந்ததும் கணவர் வண்டியை நிறுத்தினார். திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"அவ சொன்னாளா உங்கிட்ட? ஷாக் அடிக்குதுன்னு?"

"சொன்னா."

"எத்தினி தபா?"

"மூணு."

வண்டியை எடுத்தார். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. திட்டியிருக்கலாம்.

அன்று மதியம் மகளின் கட்டிலருகே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பச்சை ஒயர், ரப்பர், மீட்டர், கடை. அவள் கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஒயர் வெட்னதெல்லாம் சரிம்மா. உனக்குத் தெரியாம ஆயிடுச்சி. கர்ச்சீப்ப ஏன் எடுக்கச் சொன்ன?"

எழுந்து போய், துவைக்கக் கிடந்த அந்தக் கர்ச்சீப்பை அலசிக் காயப்போட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அவள் விழுந்தபோது பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்த லேப்டாப் அதைப் பதிவு செய்திருந்தது. இரண்டு நாள் கழித்து, யாரும் இல்லாதபோது, போட்டுக் கேட்டேன். நரி குட்டியிடம் ஆற்றில் இறங்கச் சொல்கிறது, குட்டி தயங்குகிறது, குரல் அறுபடுகிறது. அதைக் கேட்டு நான் அழுதேன். ஆனால் அழுவதற்கு முன்னால், கதை தொடங்கிய முதல் சில நொடிகளில், என் காது முதலில் கவனித்தது பின்னால் முனகல் கொஞ்சமும் இல்லை என்பதைத்தான்.

அந்த வாரமே நிறுவனத்திடமிருந்து பதில் வந்தது. முன்பு அனுப்பியது தேர்வாகியிருந்தது, பதிவு மிகச் சுத்தமாக இருக்கிறது என்று தனியாகக் குறிப்பிட்டிருந்தார்கள். மகள் போனை என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். அடுத்த கதைகளைப் போர்வைக்குள் உட்கார்ந்து செல்போனில் பதிந்து அனுப்புகிறாள். இரைச்சல் இருக்கிறது. அவர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள்.

வீடு முழுக்க ஒயர்களை மாற்றினோம். மின்கசிவு இருந்தால் தானாக அணைந்துவிடும் சுவிட்ச் வைத்தாயிற்று. எர்த் குழியைப் புதிதாகத் தோண்டினோம். பெட்டியைப் பிரித்துப் போட்டுவிட்டேன். ஆனால் நான் நீட்டும் எதையும் மகள் இப்போது முதலில் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறாள். சில்வர் டம்ளரைக்கூட. அவளுக்கே தெரியாமல் செய்கிறாள் என்று நினைக்கிறேன். ஷாக் இருந்தால் கை இறுகிப் பிடித்துக்கொள்ளாமல் இருக்க அவளுடைய சின்ன வயதில் நான் சொல்லிக்கொடுத்ததுதான் அது.

போன வாரம் அடுப்படிக்குள் வந்து, ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தவள் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"அம்மா, சுர்ருங்குது."

நான் மீட்டரைத் தேடவில்லை. கையில் இருந்த கரண்டியைப் போட்டுவிட்டுப் போய் மெயினை அணைத்தேன். ஓடி வந்து ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினேன். "எங்க தொட்ட? எந்த கை? நெஞ்சு படபடக்குதா? உக்காரு, உக்காரு," என்று அவள் தோளைப் பிடித்தேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு லேசாகச் சிரித்தாள்.

"ஒண்ணும் இல்லம்மா. சும்மா சொன்னேன். நீ இன்னா பண்றன்னு பாத்தேன்."

"விளையாடற நேரமாடி இது?" என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேட்கும் உரிமை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.

அவள் ஹாலுக்குப் போய்விட்டாள். மெயினைப் போட்டேன். ஃபிரிட்ஜின் பிளக்கை மட்டும் திரும்ப மாட்ட எனக்குக் கை வரவில்லை. சாயங்காலம் அவள் அப்பா வந்து மாட்டுவதற்குள் உள்ளே இருந்த இட்லி மாவு பொங்கி வழிந்துவிட்டது.